நீ கேட்ட இரத்தக்குழாய்

மீனாட்சிபுரம்,
1934, தை மாதம்

மெட்ராசில் இருக்கும் என் மகனுக்கு,

நீ அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன். நெஞ்சுக்குள் பெரிய இரத்தக்குழாய் உப்பியிருப்பதாகக் கோயம்புத்தூர் டாக்டர் சொன்னதை நான்தான் உனக்குத் தெரிவித்தேன். நீ அதைப் பற்றியே ஆராய்ச்சி செய்கிறவன் என்பதால் தெரிவித்தேன் என்று வைத்துக்கொள்.

வலி முதுகில், இடது பக்கம். படுத்தால் அதிகம்.

குரல் கம்மியிருக்கிறதா என்று கேட்டிருக்கிறாய். கம்மிவிட்டது. நேற்று கட்டுத்தரையில் பால் கறந்துகொண்டிருந்த மருதாத்தாளைப் பின்னால் நின்று கூப்பிட்டேன். திரும்பாமலே, "யாருங்க அது? அம்மா ஊட்டுக்குள்ள இருக்கறாங்க, அங்க போய்க் கேளுங்க" என்று என்னிடமே சொன்னாள்.

நான் இறந்த பிறகு நீயே வந்து அந்தக் குழாயை எடுத்து, உங்கள் கல்லூரியில் கண்ணாடிக் குடுவையில் வைக்கலாமா என்பது உன் கடைசிக் கேள்வி. உன் மாமன் காளிச்சாமி குதித்தான். "ஏனுங்கக்கா, பெத்தவளை அறுக்கறதுக்கா அவனை டாக்டருக்குப் படிக்க வெச்சீங்க?" என்றான். "அது எனக்கும் என் மகனுக்கும் உள்ள பேச்சு, நீ போடா" என்றேன். அவனுக்குக் கேட்கவில்லை. இன்னொரு முறை சொல்ல எனக்கு மூச்சு இல்லை.

எடுத்துக்கொள். உன் அப்பா இருந்திருந்தால் சம்மதித்திருக்கமாட்டார். நான் சம்மதிக்கிறேன். குடுவையில் என் பெயரை எழுத வேண்டாம்.

நான் இருக்கும்போதே வருவதானால் ஒரு வரி எழுது, ரயிலடிக்கு வண்டி அனுப்புகிறேன். இல்லையென்றால் காளிச்சாமி தந்தி கொடுப்பான். அதற்கு நீ உடனே புறப்பட்டு வருவாய் என்று எனக்குத் தெரியும்.

உன் அம்மா