ஃப்ரிட்ஜுக்காக நீ இருந்த விரதம்

என் பிரியத்துக்கும் கோபத்துக்கும் ஒரே ஆளான மல்லிகாவுக்கு,

நலமா என்று கேட்கப்போவதில்லை. நீ உயிரோடு இருந்தபோது கேட்டால், "எனக்கு இன்னா, நல்லாத்தான் இருக்கேன்" என்பாய். அந்தப் பதிலின் லட்சணம் இப்போது தெரிந்துவிட்டது.

இதை நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். நம் வீட்டு விஷயம் தெருவுக்கே தெரிந்திருந்தது. வீட்டுக்காரனுக்கு மட்டும்தான் தெரியாது. இனி நான் யாரிடம் எதை மறைக்க வேண்டும்?

ஃப்ரிட்ஜ் கெட்டுப்போனது. உன் காரியம் முடிந்து, வந்தவர்கள் ஊர் திரும்பி, நம் பெண் நித்யாவும் செய்யாறுக்கு வேலைக்குத் திரும்பிப் போய், நான் மட்டும் மிஞ்சியிருந்த சமயம். முதலில் பால் திரிந்தது. பால்காரரோடு சண்டை போட்டு அவரை நிறுத்தினேன். அப்புறம் கடையில் வாங்கிய மாவு ஒரே நாளில் பொங்கிப் புளித்தது. கீழ்த்தட்டில் கை வைத்தால் வெளியே இருக்கிற அதே சூடு. ஃப்ரீசரில் மட்டும் குளிர் இருந்தது. உள்ளே விசிறி எதிலோ உரசுகிற சத்தம். நீ போன துக்கத்தில் அதுவும் படுத்துவிட்டது என்று அதன் மேல் எனக்குப் பரிதாபம் வேறு.

மெக்கானிக்குக்கு போன் செய்தேன். வாஷிங் மெஷினுக்கு வந்தவன் பழைய பெல்ட்டை மாட்டிவிட்டுப் புதுசு என்றானே, நான் நடுத்தெருவில் நிறுத்திக் கேட்டேனே, அதிலிருந்து ஆரணியில் ஒருவரும் நம் வாசலுக்கு வருவதில்லை. தெருப் பெயரைச் சொன்னதுமே, "சேவூர்ல வேல இருக்குது சார்" என்றார் ஒருவர். அடுத்தவருக்கும் சேவூரில் வேலை. சேவூரில் எல்லா வீட்டு ஃப்ரிட்ஜும் ஒன்றாகக் கெட்டுப்போயிருக்கும் போலிருக்கிறது.

பிளஸ் டூ பிள்ளைகளுக்கு பிசிக்ஸ் நடத்துகிறவன்தானே, நானே திறந்து பார்க்கிறேன் என்று உட்கார்ந்தேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஃப்ரீசரின் பின்பக்கத் தகட்டைக் கழற்றினால் குழாய்ச் சுருளே தெரியவில்லை. வெள்ளை வெளேரென்று ஒரே ஐஸ் சுவர். விசிறி அதில்தான் உரசியிருக்கிறது. தானாக ஐஸை உருக்கிக்கொள்ள வேண்டிய ஃப்ரிட்ஜ் அது. சுருளின் மேல் ஒரு சின்ன சென்சார் உட்கார்ந்துகொண்டு எவ்வளவு குளிர் என்று போர்டுக்குச் சொல்லும். அதை வைத்துத்தான் போர்டு ஹீட்டரை ஓட்டும். எங்கோ அந்தப் பேச்சு அறுந்திருக்கிறது. ஐஸ் அடைத்ததால் கீழே காற்று வரவில்லை.

ஐஸ் உருகட்டும் என்று இரண்டு கதவையும் திறந்து வைத்து, தரையில் பழைய வேட்டிகளைப் பரப்பிக்கொண்டிருந்தபோது எதிர் வீட்டுத் தேவகி குழம்புக் கிண்ணத்தோடு வந்தாள். அவர்கள் வீட்டில் பவர்லூம் ஓடாத நேரம். பார்த்ததும் சிரித்தாள்.

"இப்பத்தான் ஆஃப் பண்றீங்களா சார்? அக்கா செவ்வாய்க்கெழம ஆனா தவறாம பண்ணிடுவாங்களே."

"எதுக்கு?"

"இது நாலு வருஷமா பேஜார் பண்ணிகினுதானே இருக்குது. நீங்க ஸ்கூலுக்குப் போனதும் இதுல இருக்கிறதெல்லாம் எங்க ஃப்ரிட்ஜுல வெச்சிட்டு, சாயங்காலம் எடுத்துகினு வந்துடுவாங்க. எங்க வீட்ல கவுச்சி ஆகாது இல்ல, அதான் மீனு இல்லாத செவ்வாய்க்கெழமயா பாத்து."

நான் கையிலிருந்த வேட்டியைக் கீழே போட்டேன். நாலு வருஷமாக நீ செவ்வாய் விரதம் இருந்தாய். முருகனுக்கு என்றாய். திங்கள் சாயங்காலத்தோடு மீன் குழம்புச் சட்டியைக் காலி செய்து கழுவிக் கவிழ்த்தாய். சாமி நம்பிக்கை இல்லாத நானும் உனக்காக வாயைக் கட்டினேன். அது முருகனுக்கு இல்லையா மல்லிகா? தேவகி வீட்டு ஃப்ரிட்ஜுக்கா?

அவள் அதோடு நிறுத்தியிருக்கலாம். "அக்கா வேலூருக்குப் போற அன்னிக்கு நானே வந்து ஆஃப் பண்ணிடுவேன்" என்றாள்.

"வேலூரு உனக்கும் தெரியுமா? மல்லிகா மாசம் ஒரு தடவ கோயிலுக்குன்னு சொல்லிட்டுத்தானே போவா?"

தேவகி கிண்ணத்தை மேஜையில் வைத்தாள். "கொழம்பு சூடா இருக்குது சார். ஜல்தி சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

உன் கடைசி வாரத்தில், வேலூர் ஆஸ்பத்திரியில், அந்த டாக்டர் என்னைப் பார்த்து, "இவங்க ரெண்டு வருஷமா எங்க பேஷன்ட். உங்களுக்குத் தெரியாதா?" என்றார். வயிற்றில் கட்டி. ஆபரேஷன் வேண்டாம் என்று நீயே முடிவு செய்தாயாம். கூட்டிக்கொண்டு போனது உன் தங்கை. அன்றோடு அவளிடம் பேச்சை நிறுத்தினேன். அவள் ஒருத்திதான் கூட்டு என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது நெற்றியில் விபூதி வைத்துக்கொண்டு வந்தாயே. எனக்கும் ஒரு பொட்டலம் கொடுத்தாயே. எந்தக் கடையில் வாங்கினாய்?

வேலையை விடவில்லை. ஐஸ் முழுக்க உருகிய பிறகு மீட்டரை எடுத்தேன். ஹீட்டர் நன்றாக இருந்தது. ஃபியூஸும் போகவில்லை. சென்சாரை ஐஸ் தண்ணீரில் போட்டு ரீடிங் பார்த்தேன். பிறகு துடைத்து உள்ளங்கையில் பொத்திவைத்துப் பார்த்தேன். குளிருக்கு ஒரு எண்ணும் சூட்டுக்கு ஒரு எண்ணும் காட்ட வேண்டியது, இரண்டுக்கும் ஒரே எண்ணைக் காட்டியது. கோளாறு அதுதான். விரல் நுனி அளவு சாமான். புதுசு வாங்கி ஒயரை இணைத்து, இன்சுலேஷன் சுற்றி மாட்டினேன். அரை மணி நேர வேலை. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே செய்திருப்பேனே. இதைக்கூடவா சொல்லக் கூடாது?

அன்று மாலை நித்யா போன் செய்தாள். ஃப்ரிட்ஜ் கெட்டுப்போன கதையை ஆரம்பித்தேன்.

"ஒரு நாள் ஆஃப் பண்ணி கதவத் தெறந்து வைங்கப்பா. அம்மா அப்படித்தான் செய்வாங்க."

அவளுக்கும் தெரிந்திருக்கிறது. அடுத்த கேள்வியைக் கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டேன். "வேலூரும் தெரியுமா உனக்கு?"

"தெரியும்பா" என்றாள். "அம்மா சத்தியம் வாங்கிகினாங்க."

"எதுக்கு?"

"அப்பாவுக்குத் தெரிஞ்சா டாக்டர்கிட்ட சண்டைக்குப் போவாரு, மாமாவுங்கள எல்லாம் கூப்டு வெச்சி கேள்வி கேப்பாரு, எல்லாரையும் சமாதானம் பண்ணிகினு இருந்தா எனக்கு வலிக்கிறதுக்குக்கூட நேரம் கெடைக்காதுன்னு சொன்னாங்க."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"சித்தி மாதிரி, இனிமே என்கூடவும் பேச மாட்டீங்களாப்பா?"

போனை வைத்துவிட்டேன்.

ஆமாம், சண்டை போட்டிருப்பேன். உன்னை வேறு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போயிருப்பேன். ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும் என்று உன்னிடமும் கத்தியிருப்பேன். உனக்காகச் சண்டை போடுகிற உரிமைகூட எனக்கு இல்லையா? வலிக்க நேரம் கேட்டாய், சரி. பயப்பட எனக்கு நேரம் கொடுத்தாயா? டாக்டர் வாயால் கேட்டதற்கும் உன்னைத் தூக்கிக்கொண்டு வந்ததற்கும் நடுவில் ஒரு வாரம் இருந்தது. அதில் பாதி நீ கண் திறக்கவில்லை.

உன்னை மன்னிக்கவில்லை மல்லிகா. மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் படிக்கிறவர்கள் கண் கலங்குவார்கள். ஆனால் அது பொய். பொய் சொல்ல நம் வீட்டில் நீ ஒருத்தி போதும்.

ஆனால் நித்யாவைப் பற்றி ஒன்று சொல்கிறேன். சாகப்போகிற தாய் கேட்ட சத்தியத்தை அந்தப் பெண் எப்படி மறுத்திருப்பாள்? உன் வலியையும் சுமந்துகொண்டு, என் முகத்தையும் பார்த்துக்கொண்டு, கம்பெனி பஸ் ஏறி வேலைக்கும் போய்வந்திருக்கிறாள். அவளையும் தள்ளிவைத்தால் எனக்கு அப்பா என்று கூப்பிட ஆள் கிடையாது. நாளைக் காலை நானே போன் செய்வேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறவளை பஸ் ஸ்டாண்டுக்குப் போய் வண்டியில் கூட்டி வருவேன். உன் பேச்சை அவளாக எடுத்தால், குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்பேன். இது நான் உனக்குச் செய்து தருகிற சத்தியம்.

சண்டை உன்னோடு மட்டும்தான். அதில் பிள்ளையை இழுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
கடைசியாகத் தெரிந்துகொண்ட உன் வீட்டுக்காரன்,
நித்யாவின் அப்பா.