வாசலில்தான் படுத்திருந்தார்

எம்.ரெட்டியபட்டி,
14.7.1989

அன்பு மகன் ஜெயக்குமாருக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் உன் அப்பாவும் நடமாட்டத்துக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். நீ வேளைக்குச் சாப்பிட்டு, பரேடில் கையைக் காலை உடைத்துக்கொள்ளாமல் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று திருச்சுழி திருமேனிநாதரைக் கும்பிட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன். சுகம் என்று எழுதுவது முறைக்காகத்தான், மனசு சுகமாக இல்லை. இன்லண்டில் அடங்காது என்று கவர் வாங்கி எழுதுகிறேன். நீ போட்ட கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது, உன் அப்பா சத்தமாக வாசித்துக் காட்டினார். ஆபரேஷன் செய்த கண்ணில் எழுத்து நன்றாகத் தெரிகிறதாம், அதுவரைக்கும் சந்தோஷம். யாரோ ஒரு பொம்பளைக்காக நீ கோர்ட்டுப் படி ஏறி போலீசுக்கு எதிராகச் சாட்சி சொன்னால் நாளைக்கு நான் எந்த ஸ்டேஷனில் தலைநிமிர்ந்து நிற்பேன் என்று நீ எழுதியிருந்த இடம் வந்ததும் அவருக்குக் குரல் தனி எடுப்பாக வந்தது. இனிமேலாவது மகன் பேச்சைக் கேளு என்று சொல்லிவிட்டு கருவேல் வெட்ட ஆள் பார்க்கப் போய்விட்டார். உனக்கு அவர் எழுதியது பாதிக் கதை. அன்றைக்கு அவர் கண்ணில் கட்டு இருந்தது வாஸ்தவம், காதில் கட்டு இல்லை. மீதிக் கதையை நான் எழுதுகிறேன், பொறுமையாக வாசி.

மதுரையில் அவருக்குக் கண்ணைக் கீறியதும் பஸ்ஸில் குலுங்கிப் போகக் கூடாது, மறுநாள் கட்டுப் பிரிக்க வர வேண்டும் என்று டாக்டர் சொன்னதால் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு லாட்ஜில் தங்கினோம். எதிர் ரூமில் திருச்சுழிக்குத் தெற்கே ஒரு கிராமத்துக்காரி, சந்தனம்மாள் என்று பேர். புருஷன் செத்து மூன்று வருஷம் ஆகிறது, இரண்டும் பொம்பளைப் பிள்ளைகள். வயிற்றில் கட்டி என்று காட்ட வந்திருந்தாள். கூடத் துணைக்கு வந்தவர் புருஷனுக்குத் தம்பி, இருளாண்டி. தண்ணீர்க் குழாயில் பார்த்துப் பேசி, நம் பக்கத்து ஆட்கள் என்று தெரிந்ததும் ஒரு ஒட்டுதல் வந்துவிட்டது. அவள் வலியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே படுத்துவிட்டாள். மத்தியானம் நான் வெந்நீர் வாங்கிக்கொண்டு வருகிறேன், அந்த மனுஷன் அவள் கதவுக்கு வெளியே வராண்டாவில் துண்டை விரித்துப் படுத்திருக்கிறார். மேலே தகரம், கீழே கால் வைக்க முடியாத சூடு. ஏம்ப்பா இந்த வெக்கையில கிடக்க, உள்ள காத்தாடி சுத்துதுல்ல என்று கேட்டேன். எழுந்து உட்கார்ந்து, மதினி உள்ள படுத்திருக்காக தாயி என்றார், அவ்வளவுதான். அண்ணன் பொண்டாட்டி படுத்திருக்கிற ரூமுக்குள் பகலில்கூடப் போகாமல் வெக்கையில் வெந்த மனுஷன் அவர். அதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

கொஞ்ச நேரத்தில் பூட்ஸ் சத்தம் கேட்டது. ஒரு சப்-இன்ஸ்பெக்டர், இரண்டு போலீஸ். பொய் சொல்வானேன், எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தப் பையனுக்கு உன் வயதுதான் இருக்கும், உன்னைப் போலவே மீசையை ஒதுக்கியிருந்தான், என் மகனும் உடுப்புப் போட்டால் இப்படித்தான் இருப்பான் என்று வாசலில் வந்து நின்று பார்த்தேன். அவன் செய்த முதல் காரியம் தூங்குகிற மனுஷனை பூட்ஸ் காலால் எத்தியது. கதவை உடைக்கிற மாதிரி தட்டினார்கள், அவள் முடிச்சுக்கூடப் போடாத தலையோடு வந்து திறந்தாள். இருளாண்டியைச் சட்டையைப் பிடித்து உள்ளே தள்ளி, கட்டிலில் உட்கார வைத்து, அதற்குப் பிறகு லாட்ஜ் மேனேஜரைக் கூப்பிட்டு, ரெண்டு பேரும் ஒரே கட்டில்ல இருந்தாங்க, பாத்துக்கோ என்றான். எங்க கொழுந்தனாரு வெளியதான் படுத்திருந்தாக சாமி என்று அவள் அழுதாள். வெளிய படுத்து அடுத்த ஆளுக்குக் காவல் பாத்தானா என்று அந்த வாய் கேட்டது. இருளாண்டி ஏதோ சொல்ல வாயெடுத்தார், கன்னத்தில் விழுந்தது அடி. மாசக் கடைசி, கேஸு கணக்குக் காட்டணும் என்று மேனேஜர் என் காதில் முணுமுணுத்தான்.

நான் போய், தம்பி, நான் பாத்தேன், அவரு வாசல்லதான் படுத்திருந்தாரு, நீங்கதான் உள்ள தள்ளினீக என்றேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நீ யாரு, உன் ரூம்ல எவன் இருக்கான்னு பாருய்யா என்று போலீசை அனுப்பினான். கேட்டுக்கொள், உன்னைப் பெற்றவளைப் பார்த்துக் கேட்ட கேள்வி அது. உன் அப்பா கட்டுப் போட்ட கண்ணோடு சுவரைத் தடவிக்கொண்டு வந்து, அய்யா எம் மகனும் சப்-இன்ஸ்பெக்டர் டிரெய்னிங்ல மெட்ராஸ்ல இருக்கான் என்றார். அவ்வளவுதான், அந்தப் பையன் முகமே மாறிவிட்டது. மொதல்லயே சொல்லக் கூடாதாம்மா, நம்ம குடும்பம், நீங்க உள்ள போங்க என்று கையெடுத்துக் கும்பிட்டான். கும்பிட்ட கையாலேயே அவளைத் தோளைப் பிடித்துப் படியில் தள்ளிக்கொண்டு போனான். தெருவே பார்த்தது. உன் பேரைச் சொன்னதும் நான் மானஸ்தி ஆகிவிட்டேன், சொல்லப் பேர் இல்லாதவள் கெட்டவள் ஆகிவிட்டாள். இதற்குத்தானா நான் காடு கழனியில் வெந்து உன்னைப் படிக்க வைத்தேன் என்று அன்றைக்கு ராத்திரி முழுக்க நினைத்தேன். உன் அப்பா கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, நமக்கெதுக்கு ஊர் வம்பு என்று திரும்பிப் படுத்தார்.

விபசாரம் என்று கேஸ் போட்டு அதில் என்ன எழுதியிருக்கிறார்கள் தெரியுமா, கதவைத் திறந்தபோது இருவரும் உள்ளே இருந்ததாக. குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதத்தைக் கட்டினால் அன்றைக்கே ஊருக்குப் போகலாம் என்றார்களாம், எல்லாரும் அப்படித்தான் கட்டிவிட்டுப் போவார்களாம். அந்த வயிற்று வலிக்காரி மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். நான் ஒத்துக்கிட்டா எம் பிள்ளைகள எவன் வீட்டுல கட்டிக் குடுப்பேன், செஞ்சவதான் கட்டணும் என்றாளாம். ஜாமீனில் வந்த பிறகு ஊரில் அவளோடு தண்ணீர் எடுக்கக்கூட ஆள் சேர்வதில்லை. மூத்தவளுக்குப் பேசி வைத்திருந்த இடத்தில் கேஸு முடியட்டும் பாக்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இரண்டு வாரத்துக்கு முன்னால் இருளாண்டி நம் ஊரைத் தேடி வந்து வேப்பமரத்தடியில் நின்றார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. நீங்க பாத்தீகள்ல தாயி என்று மட்டும் கேட்டார். இல்லை என்று எந்த வாயால் சொல்லுவது, நீயே சொல். கோர்ட்டில் வந்து சொல்கிறேன் என்றேன்.

அவர்கள் வக்கீல் என் பேரைச் சாட்சியாக எழுதிக் கொடுத்த மறுநாளே மதுரையிலிருந்து ஒரு ஏட்டு மஃப்டியில் வந்துவிட்டார். உன் அப்பா பாயை விரித்து, கலர் சோடா உடைத்துக் கொடுத்து உபசாரம் செய்தார். தம்பிக்கு இன்னும் போஸ்டிங் ஆகலை, ரிப்போர்ட்டு அது இதுன்னு ஆயிரம் இருக்கு, நீங்களே இப்படிச் செஞ்சா எப்படிம்மா என்று ஏட்டு சிரித்துக்கொண்டே சொன்னார். மிரட்டுகிறவன் முறைத்துக்கொண்டு சொன்னால்கூடத் தாங்கலாம், இந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை. மல்லாங்கிணற்றில் இருந்து உன் தங்கச்சி பிருந்தாவும் அண்ணன் வாழ்க்கையில் மண்ணைப் போடாதேம்மா என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். எல்லாருக்கும் உன் மேல் பாசம், எனக்கு மட்டும் இல்லையாக்கும். உன் வேலைக்கு ஒரு இடைஞ்சல் வந்துவிடுமோ என்று எனக்கும் சோறு இறங்கவில்லை, அதை மறைக்கவில்லை. ஆனால் யாரோ ஒரு பொம்பளை என்று எழுதினாயே, அந்த லாட்ஜில் உன் அப்பா வாய் திறக்கும்வரை நானும் யாரோ ஒரு பொம்பளைதான். அதை யோசித்துப் பார். நாளைக்கு நீ ஒரு கதவைத் தட்டும்போது உள்ளே இருக்கிறவள் யாருடைய அம்மா என்று கேட்டுத்தான் மரியாதை கொடுப்பாயா, பதில் எழுது. உன் அப்பாவிடம் சொல்லி அனுப்பாதே, எனக்கு எழுது.

இங்கே மழை ஏமாற்றிவிட்டது, பருத்தி விதைக்க ஆவணிவரை பார்க்க வேண்டும். அவர் ஒரு கண்ணாடி வாங்கியிருக்கிறார், வாத்தியார் மாதிரி இருக்கிறது. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி, அங்கே வெயில் அதிகம் என்கிறார்கள். கீரை கிடைத்தால் விடாதே. கோபமாக எழுதிவிட்டேன் என்று சாப்பிடாமல் இருக்காதே. நீ நோய் நொடியில்லாமல், பேரும் புகழுமாக நூறு வயது இருக்க வேண்டும், அதற்கு என் ஆசி எப்போதும் உண்டு.

24ஆம் தேதி திங்கட்கிழமை கேஸ். முதல் பஸ்ஸுக்கே அருப்புக்கோட்டை போய் மதுரை பஸ் பிடிப்பேன். உத்தரவு கேட்டு எழுதவில்லை, உனக்குத் தெரியட்டும் என்று எழுதுகிறேன். கூண்டில் ஏறியதும் நீ யார் என்று கேட்பார்களாம். பேரையும் ஊரையும் சொல்லிவிட்டு, என் மகன் போலீசில் இருக்கிறான் என்பதையும் சொல்லுவேன். அந்தப் பேச்சு அன்றைக்கு என் ஒருத்தியை மட்டும் காப்பாற்றியது, இந்தத் தடவை அவளையும் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
வெ. ராமலட்சுமி