கும்பகோணத்தில் காத்திருந்த உங்கள் படம்

பெயர் சொல்லிக் கூப்பிடாமலே நான் குடும்பம் நடத்திய என் அன்பானவருக்கு,

உங்கள் தனம் எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை மூடி ஒட்டப் போவதில்லை. திருநள்ளாறு ஸ்டேஷனிலிருந்து கோயிலுக்கு உங்கள் குதிரை வண்டியில் ஏறிய அத்தனை பேரிடமும் நீங்கள் ஒரு சேதி சொன்னீர்கள். அதைக் கேட்டவர்கள் இதையும் கேட்கட்டும் என்றுதான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். கோபித்துக்கொள்ள மாட்டீர்களே?

முதலில் வீட்டுச் சேதி. வண்டியை உங்கள் சித்தப்பா மகன் ஓட்டுகிறான். அவன் வாய் திறக்க மாட்டான். ஏறுகிறவர்கள், "முன்னே ஒருத்தர் ஓட்டுவாரே, பேசிக்கிட்டே வருவாரே, எங்கே அவரு?" என்று கேட்கிறார்களாம். அவன் குதிரையின் காதையே பார்த்துக்கொண்டு சும்மா இருந்துவிடுகிறானாம். நம் செண்பகம் சாப்பாட்டுக்கு மணை எடுத்துப் போடும்போது உங்கள் மணையையும் சேர்த்தே போடுகிறாள். நான் எடு என்று சொல்வதில்லை. எப்படிச் சொல்வது?

அந்த இருமல் அறுவடை சமயத்தில் வந்தது. வைக்கோல் தூசு என்றீர்கள். சாயந்திரமானால் உடம்பு சுடும், சட்டை நாளுக்கு நாள் தொளதொளவென்று ஆனது. நம் ஊரில் பார்த்த டாக்டர், "நெஞ்சை எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்துடணும். கும்பகோணத்துல ஒரு டாக்டர்கிட்ட மிஷின் இருக்கு, போயிட்டு வாங்க" என்றார். வண்டியைக் கவிழ்க்கப் பார்த்த முரட்டுக் குதிரையை அடக்கியவர் நீங்கள். அன்றைக்கு ரயிலில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "உள்ளே கரண்டு பாயுமாமே, தாங்குமா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டீர்கள்.

நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். உள்ளே நடந்ததெல்லாம் நீங்கள் சொல்லித்தான் தெரியும். சட்டையைக் கழற்றச் சொன்னார்கள், கழுத்துத் தாயத்தையும் கழற்றச் சொன்னார்கள். ஜில்லென்று ஒரு பலகையில் நெஞ்சை அழுத்தி நிற்க வைத்தார்கள். "மூச்சை நல்லா இழுங்க. அப்படியே நிறுத்துங்க" என்றது ஒரு குரல். எங்கோ கொஞ்சம் உறுமியது, முடிந்துவிட்டது. வலியில்லை, சூடில்லை. தாயத்தைக் கையில் பிடித்தபடியே சிரித்துக்கொண்டு வெளியே வந்தீர்கள்.

அங்கே வேலை பார்த்தவர், "படத்தைக் கழுவிக் காய வைக்கணும், டாக்டர் பார்க்கணும். வர்ற வியாழக்கிழமை வாங்க" என்றார். அவருக்கு அடுத்த ஆளைக் கூப்பிடும் அவசரம். நமக்கு ரயிலைப் பிடிக்கும் அவசரம்.

"எதுக்கு வியாழக்கிழமை வரச் சொல்றாங்க?" என்று வழியில் கேட்டேன்.

"படத்தைக் கொடுப்பாங்க போல. வாங்கி என்ன பண்றது? கல்யாண போட்டோ மாதிரி சுவத்துல மாட்டவா?" என்றீர்கள். "அதான் லைட்டு பாஞ்சிடுச்சே தனம். உள்ளே கெடந்த கிருமியெல்லாம் பொசுங்கியிருக்கும். இப்பவே மூச்சு லேசா இருக்கு பாரு."

நம் பிரெஞ்சு எல்லைக்கு முன்னால், பேரளத்தில் சுங்கக்காரர் ஏறி, என்ன கொண்டு போகிறீர்கள் என்று கேட்டார். "நெஞ்சுக்குள்ள வெளிச்சம் கொண்டு போறேங்க. அதுக்கு வரி உண்டா?" என்றீர்கள். பெட்டி முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பு என் காதில் அப்படியே இருக்கிறது.

நாம் வேறு எப்படி நினைத்திருக்க முடியும்? டாக்டரிடம் போனால் உடம்புக்குள் ஏதாவது போகும். ஊசி போகும், மருந்து போகும். அன்றைக்கு வெளிச்சம் போயிற்று என்று நினைத்தோம். அது போனதே பார்க்கத்தான் என்று நமக்கு யார் சொன்னார்கள்?

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் நன்றாகத்தான் இருந்தீர்கள். பயம் போனதால் பசி எடுத்தது. இருமலைக்கூட, "அழுக்கு வெளியே வருது" என்று சந்தோஷமாக இருமினீர்கள். வண்டியில் ஏறியவர்களிடமெல்லாம் இதே பேச்சு. காரைக்கால்மேட்டிலிருந்து கருவாட்டுக் கூடையோடு ரயிலில் வரும் அஞ்சலை, உங்கள் வண்டி நிற்கும் இடத்தில்தான் கூடையை இறக்கி இளைப்பாறுவாள். அவளும் இருமிக்கொண்டிருந்தாள். "அக்கா, கும்பகோணம் போயி லைட்டு வச்சுக்க. எனக்குப் போயிடுச்சு பாரு" என்றீர்கள். அவள் தம்பியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போய், படம் எடுத்துக்கொண்டு, உங்களைப் போலவே திரும்பி வந்துவிட்டாள். அன்று வண்டிக்குள் அரைக்கூடை கருவாட்டை வைத்துவிட்டுப் போனாளே, நினைவிருக்கிறதா?

ஐப்பசி மழையில் ஒரு நாள் இருமினீர்கள். துண்டில் ரத்தம்.

மறுபடி கும்பகோணம். டாக்டர் அலமாரியிலிருந்து ஒரு பெரிய காகித உறையை எடுத்தார். உங்கள் பெயர் எழுதியிருந்தது. படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். கறுப்பில் வெள்ளை வெள்ளையாக உங்கள் விலா எலும்புகள். மேலே ஒரு மூலையில் பஞ்சைப் பிய்த்து ஒட்டியது போலச் சின்னதாக ஒரு மங்கல்.

"இது அப்பவே எடுத்த படம். உங்களுக்காக இங்கேயே காத்துக்கிட்டு இருக்கு. ஏன் வராம போயிட்டீங்க?"

"அதான் லைட்டு வச்சீங்களே சார்" என்றீர்கள்.

டாக்டர் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்து நமக்கு எதிரே உட்கார்ந்தார். "லைட்டு வைக்கலைங்க. உள்ளே என்ன இருக்குன்னு பார்த்தோம், அவ்வளவுதான். பார்க்கறது வேற, வைத்தியம் வேற. படம் எடுத்தா பாதி வேலைகூட முடியலை. உங்களை உட்கார வச்சு இதைச் சொல்லியிருக்கணும். நாங்க சொல்லலை" என்றார்.

அன்றைக்கே இன்னொரு படம் எடுத்தார்கள். ஈரத்தோடு அதை டாக்டர் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். மங்கல் இரண்டு பக்கமும் பரவியிருந்தது. காசநோய்க்கு இப்போது நல்ல ஊசி வந்திருக்கிறது, போட்டுப் பார்ப்போம் என்றார். அவர் சொன்ன விதத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. உங்களுக்கும் புரிந்திருக்கும்.

திரும்பும்போது பேரளம் தாண்டியதும் என் கையைப் பிடித்தீர்கள். உங்களுக்காக ஏதோ கேட்கப் போகிறீர்கள் என்று நினைத்தேன்.

"தனம், அஞ்சலைகிட்ட சொல்லணும்."

படுக்கையில் விழுந்த பிறகும் இதே கேள்விதான். "சொல்லியாச்சா?" மீன்காரப் பெண்களிடம் சொல்லி அனுப்பினோம். போய்ச் சேர்ந்ததா என்று தெரியவில்லை. அஞ்சலை வருவதையே நிறுத்தியிருந்தாள். உங்களை விட்டுவிட்டு நான் எங்கே போவது? ஊசிகள் போட்டும் உடம்பு வற்றிக்கொண்டே போனது. மார்கழியில், கோயில் மணி அடித்துக்கொண்டிருந்தபோது, என் மடியில் தலையை வைத்தபடியே போய்விட்டீர்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினேன். உங்கள் அக்கா வாசலை மறித்தார்கள்.

"தாலி எறக்குன ஈரம் காயலை, எங்கே கெளம்புற நீ? ஊரு என்ன பேசும்?"

"உங்க தம்பி சொன்ன வேலை ஒண்ணு பாக்கி இருக்கு அண்ணி."

விஷயத்தைச் சொன்னேன். அண்ணி உள்ளே போய்ச் செண்பகத்தைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்து, "தனியாப் போகாதே, நானும் வரேன். பேசறவங்க ரெண்டு பேரையும் சேர்த்துப் பேசட்டும்" என்றார்கள். உங்கள் அக்காவை எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

காரைக்கால்மேட்டில் அஞ்சலை மணலில் விரித்திருந்த கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். தூரத்திலேயே என்னை அடையாளம் கண்டு, "வா தங்கச்சி! வண்டிக்காரரு சவுக்கியமா? என்னால அந்தப் பக்கம் வரவே முடியலை" என்று எழுந்தாள். கிட்டே வந்ததும் என் நெற்றியைப் பார்த்தாள். கழுத்தைப் பார்த்தாள். கையிலிருந்த மீன் நழுவி விழுந்தது.

"ஐயோ... அவருக்குத்தான் லைட்டு வச்சாங்களே!"

அவளைப் பிடித்து உட்கார வைத்தேன். எனக்கு அழுகை வந்தது, ஆனாலும் சொன்னேன். அது லைட்டு இல்லை அக்கா, வெறும் படம். படத்தைப் பார்த்துத்தான் வைத்தியம். உன் படமும் கும்பகோணத்தில் இருக்கும்.

"அப்ப நான்?" என்றாள்.

"அதுக்குத்தான் அவரு என்னை அனுப்புனாரு. நாளைக்கே போவோம்."

போனோம். அவள் படம் அலமாரியில் இருந்தது. அதிலும் ஒரு மூலையில் மங்கல். டாக்டர் இந்த முறை எங்களை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னார். படத்தில் தெரியும் நிழலெல்லாம் காசநோய் இல்லையாம். ஆறிப்போன பழைய தழும்பும் அப்படித் தெரியுமாம். அதனால் சளியையும் சோதிக்க வேண்டும் என்றார். சோதித்தார்கள், காசம்தான். கூடவே இருந்தவர்கள் என்று என்னையும் செண்பகத்தையும்கூடப் படம் எடுக்கச் சொன்னார். இன்னொரு நாள் செண்பகத்தை அழைத்துப் போனேன். அறைக்குப் போகும் முன், "மாசமா இருந்தா முதல்லயே சொல்லிடணும்மா. தேவையில்லாம அடிக்கடி எடுக்கவும் கூடாது" என்றார். செண்பகம் என் விரலைப் பிடித்துக்கொண்டு பயந்தாள். அப்பா நின்ற இடம்தான், சும்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு நில் என்றேன். நின்றாள். எங்கள் இருவருக்கும் ஒன்றுமில்லை. வியாழக்கிழமை மறுபடி போய், அவர் வாயால் கேட்ட பிறகுதான் நம்பினேன்.

அஞ்சலைக்கு ஊசியும் மாத்திரையும் மாதக்கணக்கில் நடந்தது. நடுவில் உடம்பு தேறியதும், "போதும் தங்கச்சி, நல்லாத்தானே இருக்கேன்" என்று நிறுத்தப் பார்த்தாள். நல்லாயிருக்கு என்று நீங்களும்தானே சொன்னீர்கள்? அதைச் சொன்னேன். பிறகு அவள் நிறுத்தவில்லை.

இதற்குள் காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறிவிட்டது. பேரளத்தில் இப்போது பெட்டியைத் திறந்து பார்க்கிறவர் யாருமில்லை. போன மாதம் அஞ்சலையைக் கடைசியாகப் படம் எடுக்க அழைத்துப் போனேன். முன்பே அவளிடம் கொடுத்திருந்த பழைய படத்தை மடிக்காமல் உறையோடு கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள், இரண்டையும் வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியுமாம். டாக்டர் இரண்டையும் ஜன்னலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மங்கல் இருந்த இடத்தில் மெல்லிய கோடு ஒன்றுதான் இருந்தது. "ஆறிடுச்சு" என்றார். அஞ்சலை என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

அவள் வெளியே போன பிறகு, உங்கள் முதல் படத்தை ஒரு முறை காட்டச் சொல்லிக் கேட்டேன். டாக்டர் தயங்கினார். பிறகு எடுத்து, அஞ்சலையின் முதல் படத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். நான் டாக்டருக்குப் படித்தவள் இல்லை. ஆனால் அதைப் பார்க்கப் படிப்பு வேண்டியிருக்கவில்லை. இரண்டிலும் மங்கல் அதே அளவுதான் இருந்தது.

ரயிலில் அஞ்சலை தூங்கிவிட்டாள். நான் வயல்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இருமிக்கொண்டு கும்பகோணம் ரயிலுக்கு நிற்கிற யாரைக் கண்டாலும், தெரிந்தவரானாலும் தெரியாதவரானாலும், போய்ப் பேசுவேன். படம் எடுத்ததோடு எழுந்து வந்துவிடாதீங்க, அதில் என்ன இருக்கிறது என்று டாக்டரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்க என்று சொல்வேன். கேட்காதவர்களின் கையைப் பிடித்துக்கூடச் சொல்வேன்.

நீங்கள் படுக்கையில் கேட்டுக்கொண்டே இருந்தீர்களே, அதற்குப் பதில்: சொல்லியாச்சுங்க. அஞ்சலை நல்லா இருக்கா.

இப்படிக்கு,
உங்கள் மனைவி, செண்பகத்தின் அம்மா,
தனம்