தங்கையின் கலர் கார்டு

மார்ச் 3, 1987, செவ்வாய்

காலை முழுவதும் என் கடையில் குழாய் இறக்கினோம். மதியம் தங்கை வந்தாள். புருஷனை விட்டு வந்து என் மாடி அறையில் இருக்கத் தொடங்கிய இந்த ஒன்றரை வருடத்தில், அவளாக ஒன்று கேட்பது இதுதான் முதல் தடவை. டைல்ஸ் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே டிசைன் வரைந்து கொடுக்கும் வேலை. பன்னிரண்டாம் தேதி மேனேஜர் நேரில் வந்து பார்ப்பாராம். அவளுடைய பழைய கம்ப்யூட்டரில் எதைப் போட்டாலும் பச்சையாகத்தான் தெரியும். கலர் வர உள்ளே ஒரு கலர் கார்டு மாட்ட வேண்டும்.

"நானும் வரேன் அண்ணா, பார்த்துதான் வாங்கணும்."

"நீ வந்தா உன் மூஞ்சியப் பார்த்தே விலைய ஏத்திடுவான். இரு."

மார்ச் 4, புதன்

வாங்கியாயிற்று. பார்ட்ஸ் கடைக்காரர் கெட்டிக்காரர். "கார்டு மட்டும் போதாது சார், அதுக்குன்னு இருக்கிற ஸ்கிரீனையும் எடுத்துக்குங்க" என்று விடாமல் நச்சரித்தார். குழாய் வாங்க வருகிறவன் தலையில் ஷவரையும் கட்டுகிறவன் நான். என்னிடமேவா? கார்டை மட்டும் எடுத்து வந்தேன். வீட்டில் பழைய திரையின் ஒயர் முனையைக் கார்டோடு வைத்துப் பார்த்தேன். ஒன்பது ஊசி, ஒன்பது ஓட்டை. என் தொழிலில் குழாயின் மரை பொருந்திவிட்டால் வேலை முடிந்தது.

மார்ச் 5, வியாழன்

எரிந்துவிட்டது.

மார்ச் 6, வெள்ளி

நேற்று அதற்கு மேல் எழுதக் கை வரவில்லை. தங்கை குளிக்கப் போயிருந்தாள். வருவதற்குள் கலரைக் காட்டி அசத்தலாம் என்று நானே மூடியைத் திறந்து கார்டை மாட்டி, சுவிட்சைப் போட்டேன். திரைக்குள் கீச்சென்று ஒரு சத்தம், பிறகு கருகல் நாற்றம். இருந்த பச்சையும் போச்சு. பிறகு கடைக்காரரிடம் போனில் கேட்டேன். அந்தத் திரை ஓடும் வேகம் வேறாம், கலர் கார்டோடு சேராதாம். ஊசி பொருந்தினால் மட்டும் போதாதாம்.

ஈரத்தலையோடு வந்து பார்த்தாள். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். "இன்னும் ஏழு நாள்தான் இருக்கு" என்றாள். அவ்வளவுதான்.

என் மனைவி விடவில்லை. "ஊருக்கெல்லாம் எதுக்கு எது சேரும்னு சொல்றீங்க. நம்ம வீட்டுப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேட்டா என்னவாம்?"

கேட்டிருக்கலாம் - ஏன் கேட்கவில்லை? அவள் கல்யாணத்திலும் எல்லாம் பேசி முடித்த பிறகுதானே அவளிடம் சொன்னேன்.

மார்ச் 9, திங்கள்

இருவரும் போனோம். நான் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைக்காரர் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் சிரித்திருப்பேன்.

"மெஷின் என்ன மாடல்மா?"

சொன்னாள். கார்டு செருகும் இடத்தின் நீளத்தை நூலில் அளந்து முடிச்சுப் போட்டே கொண்டுவந்திருந்தாள். "இவர் வாங்கினதுல படத்துக்கு நாலு கலர்தான் வரும். எனக்குப் பதினாறு வேணும். அதோட சேர்ற ஸ்கிரீனும் குடுங்க."

விலை சொன்னதும் நான் வாயைத் திறந்தேன். என் காலை மிதித்தாள்.

வீட்டில் மாட்டும்போது மெஷினுக்குள் போர்டில் இருந்த குட்டிச் சுவிட்சுகளில் இரண்டைப் பேனா முனையால் தள்ளினாள். பச்சைத் திரைக்கு வைத்திருந்ததை மாற்ற வேண்டுமாம். அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. திரையில் ஊதா வந்தது.

மார்ச் 12, வியாழன்

மேனேஜர் ஒரு மணி நேரம் மாடியில் இருந்தார். நான் கீழேயே இருந்துவிட்டேன். வேலை கிடைத்துவிட்டது.

ஏப்ரல் 18, சனி

தங்கை நாலு தெரு தள்ளி வாடகைக்கு வீடு பார்த்திருக்கிறாள். மாடி அறைக்கு என்ன குறை என்று கேட்க வாயெடுத்து, விழுங்கிக்கொண்டேன். "சும்மா கூட வா அண்ணா" என்றாள். வீட்டுக்காரர் அட்வான்ஸை என்னைப் பார்த்தே சொன்னார். அநியாயம். ஒரே பேச்சில் பாதியாக்கியிருப்பேன்.

"வீடு அவளுக்கு. அவகிட்ட பேசுங்க" என்று சொல்லிவிட்டு வாசலில் போய் நின்றேன்.

நான் பேசியிருந்தால் முடிந்திருக்கும் தொகையைவிடக் கொஞ்சம் கூடுதலுக்குத்தான் முடித்தாள். இருக்கட்டும்.