எதிர் நாற்காலி

ஜூலை 18, செவ்வாய்

உரக்கடையில் சும்மா கொடுத்த டைரி. இவ்வளவு நாள் அரிசிப் பானைமேல் மூடியாகக் கிடந்தது. இன்றைக்கு எழுதத் தோன்றுகிறது.

நேற்று ஆடி பிறந்துவிட்டது. வைகாசியில்தான் ஜெயாவுக்குக் கல்யாணம். அதற்குள் மகளைத் திருக்கோவிலூர் பக்கத்து மாமியார் வீட்டிலிருந்து நம் வீட்டுக்கு அழைத்துவந்தாயிற்று. ஆடி கழிகிற வரை புருஷனும் பெண்டாட்டியும் பார்த்துக்கொள்ளக் கூடாது. சம்பந்தியம்மா தைலம்மாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எம் புள்ள உங்க ஊர்ப்பக்கம் வந்தான், போனான்னு என் காதுல வுழக் கூடாதுங்க" என்றார். நான் இன்னா போலீஸா?

ஜூலை 20, வியாழன்

ஜெயா போனும் கையுமாகவே கிடக்கிறாள். மாப்பிள்ளை தங்கதுரைக்குச் சென்னையில் ஏசி மாட்டுகிற வேலை. அண்ணா நகரில் ஜோடி ஜோடியாக வந்து சாப்பிடுகிற ஓட்டல்கள் இருக்கின்றனவாம். ஒன்றில் சுவர் முழுக்கக் காகித ரோஜா. இன்னொன்றில் மேசைக்கு மேசை மெழுகுவத்தி, பாட்டு, மங்கலாக வெளிச்சம். "ஏணி மேல நின்னு பாத்ததோட சரி. உன்னக் கூட்டிக்கினு வந்து குந்தணும்" என்றாராம். ஆவணியில் வீடு பார்த்து அழைத்துப்போவார்.

இதைச் சொல்லும்போது ஜெயாவுக்கு முகம் சிவந்தது. எனக்கும் சிவந்தது. எனக்கு ஏன்?

எழுதிவிடுகிறேன், யார் படிக்கப்போகிறார்கள். பொறாமை. என் வீட்டுக்காரர் பூமாலை நல்ல மனிதர். கரும்பு, மரவள்ளி, மாடு, வீடு என்று இருப்பவர். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து ஒரே பதில்தான்: "ஓட்டல்ல குந்தினு இன்னாத்துக்கு? பார்சல் வாங்கினு வந்துடறேன்." பார்சல் வரும், அவர் சாப்பிடுவார், நான் பரிமாறுவேன். எனக்கு எதிரில் அவர் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. பார்க்க ஆசை. அவ்வளவுதான்.

ஜூலை 23, ஞாயிறு

செய்துவிட்டேன்!

காலையில் ஜெயா, "ம்மா, அவரு கள்ளக்குறிச்சிக்கு வந்துட்டாரும்மா. நீ கூட வந்தா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றாள். திட்டத்தான் வாயெடுத்தேன். "ரவிக்கை தைக்கப் போறோம்" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னது என் வாய்தான்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் புதிதாகத் திறந்த ஏசி ஓட்டல். ஜெயா எனக்கு நெய் ரோஸ்ட் சொல்லிவிட்டு, மாப்பிள்ளையோடு திரை போட்ட ஃபேமிலி ரூமுக்குள் போய்விட்டாள். நான் ஹாலில் உட்கார்ந்து வாசலைப் பார்த்தபடி காவல். உள்ளேயிருந்து ஒரே சிரிப்பு. தாலி கட்டியவனைப் பார்க்க இத்தனை திருட்டுத்தனம். எனக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

ஜூலை 30, ஞாயிறு

இன்றும் ரவிக்கை.

ஆகஸ்ட் 3, வியாழன்

பதினெட்டாம் பெருக்கு. கோமுகி அணைப்பக்கம் போய்க் கும்பிட்டு வந்தோம். "இன்னும் தச்சி முடிக்கலியா அந்த ரவிக்கைய?" என்று வீட்டுக்காரர் கேட்டார். கை அளவு சரியில்லை என்றேன். அம்மாடி.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

சர்வருக்கு என் முகம் பழகிவிட்டது. நான் கேட்காமலே சட்னி அதிகம் வைக்கிறார். எதிர் நாற்காலி காலியாக இருந்ததால் என் பையை அதில் வைத்தேன். பிறகு எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். என்ன பைத்தியக்காரி நான்.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. முதலிலிருந்து எழுதுகிறேன்.

ஜெயாவும் மாப்பிள்ளையும் உள்ளே. நான் தோசையை ஒரு விள்ளல்தான் பிட்டிருப்பேன். கண்ணாடிக்கு வெளியே எங்கள் வண்டி வந்து நிற்கிறது. இறங்குகிறவர் என் வீட்டுக்காரர்.

திரையைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடி, "அப்பா வந்துட்டாருடி" என்றேன். இரண்டு பேரும் கை கழுவுகிற இடம் வழியாகப் பின்பக்கம் பறந்தார்கள். நான் வெளியே வருவதற்குள் சர்வர் வந்துவிட்டார். மாப்பிள்ளை முன்கூட்டியே சொல்லிவைத்திருந்த மெழுகுவத்தி ஒன்று. பெரிய டம்ளரில் ஒரே ஒரு ஃபலூடா. அதில் இரண்டு குழாய். எல்லாவற்றையும் என் முன்னால் வைத்துவிட்டுத் தீக்குச்சி கிழிக்கிறார், திரையை விலக்கிக்கொண்டு என் வீட்டுக்காரர் வந்து நிற்கிறார்.

"டீக்கடை கொளஞ்சியப்பன் சொல்றான், உன் சம்சாரம் ஞாயித்துக்கெழமயானா ஓட்டல்ல தனியா குந்திகினு தோசை துன்னுதுன்னு. வூட்ல சோறு இல்லியா?"

கோபக் குரல் இல்லை, அவமானப்பட்ட குரல். பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"சோத்துக்கு வரலீங்க. ஒரு நாளாவது நீங்க எதிர்ல குந்தி சாப்புடறத பாக்கணும்னு ஆசை. கேட்டா பார்சல்னுடறீங்க. நான் இன்னா பண்றது?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. சர்வரைப் பார்த்து, "கரண்டு இருக்குதே, இன்னாத்துக்கு மெழுகுவத்தி?" என்றார்.

"கப்பிள்ஸ் ஸ்பெஷல் சார்."

காது நுனி வரைக்கும் சிவந்தது அவருக்கு. உட்கார்ந்தார். எதிரில்! நாற்காலி நுனியில், வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. ஒரு குழாயை உருவித் தட்டில் வைத்துவிட்டு டம்ளரை என் பக்கம் தள்ளினார். நான் குடித்து முடிக்கிற வரை சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வாய் சாப்பிடவில்லை.

கிளம்பும்போது குனிந்து மேசைக்கு அடியிலிருந்து ஒரு ஹெல்மெட்டை எடுத்து என் கையில் கொடுத்தார். "மாப்ள மறந்துட்டாரு. குடுத்துடு. சம்மந்தியம்மா காதுக்குப் போவாம பாத்துக்க."

ஆகஸ்ட் 18, வெள்ளி

ஆவணி முதல் நாள். மாப்பிள்ளை வந்து ஜெயாவைச் சென்னைக்கு அழைத்துப்போனார். அவளுக்கு இனி அண்ணா நகர். வீடு வெறிச்சென்று இருக்கிறது.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

பரோட்டா பார்சல். சாப்பிட்டாயிற்று. ஒரு நாள் உட்கார்ந்தாரே, அது போதும் என்று இருக்க வேண்டியதுதானே? முடியவில்லை. அழுதேன்.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தவர், குளித்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றார். "ஒரு நல்ல பொடவையா கட்டு" என்றார். எதற்கு என்று கேட்கவில்லை, கேட்டால் மனசு மாறிவிடுவாரோ என்று பயம்.

அதே ஓட்டல். ஃபேமிலி ரூம் காலியாகத்தான் இருந்தது. அவர் அந்தப் பக்கம் போகவில்லை. ஹாலின் நடுவில், எல்லோரும் பார்க்கிற மேசையில் போய் உட்கார்ந்தார். நான் எதிரில். எனக்குக் கால் தரையில் இல்லை.

சர்வர் வந்தார். இவர் என்னைப் பார்த்து, "உனக்கு இன்னா புடிக்கும்?" என்று கேட்டார்.

இப்படி ஒரு கேள்வி என்னிடம் வந்ததே இல்லை. அவருக்கு இட்லி, கறிக்குழம்பு. ஜெயாவுக்கு நெய் ரோஸ்ட். எனக்கு? மீந்ததைச் சாப்பிட்டே பழகியவள், எனக்கு எது பிடிக்கும் என்று எனக்கே தெரியவில்லை. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. சர்வர் பேனாவைத் தட்டிக்கொண்டே நின்றார்.

"நீங்க கொஞ்சம் பொறுத்து வாங்க" என்றார் இவர். "அவங்க யோசிக்கினு இருக்காங்க."

மெனு அட்டையை முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தேன். முடிக்கிற வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.