இல்லாத மாத்திரைக்கு ஒரு வெள்ளைப் பூ

ஐப்பசி 12, செவ்வாய். காலையிலிருந்து தூறல்.

தேனி டாக்டரம்மா அறையில் இருந்தவர்கள்: டாக்டரம்மா, தங்கை செல்வி, அவள் வீட்டுக்காரர், நான். வேறு யாருமில்லை.

செல்விக்குச் சினைப்பையில் கட்டி. ஸ்கேனில் கட்டிக்குள் வெள்ளை வெள்ளையாய்ப் பொட்டு. சுண்ணாம்புச் சத்தாம்.

"வெத்தலைக்குத் தடவுற சுண்ணாம்பா டாக்டரம்மா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டார். "அது அங்கன போகாதும்மா. உடம்புல செல்லு செத்த எடத்துல தானாப் படியும். சில கிருமிக தன்னைச் சுத்திச் சுண்ணாம்பை ஓடு மாதிரி கட்டிக்கிரும். அதாலயும் இருக்குமோன்னு சில பேரு ஆராயுறாக. இன்னும் உறுதியாத் தெரியாது."

தெரியாது! ஒரு டாக்டர் வாயால் இந்தச் சொல்லை இன்றுதான் கேட்டேன். மதிப்புக் கூடிவிட்டது.

ஆபரேஷன் செய்து கட்டியை எடுத்துச் சோதித்தால்தான் நல்லதா கெட்டதா தெரியுமாம். தள்ளிப்போடக் கூடாது. வெள்ளி சாயங்காலத்துக்குள் சம்மதம் சொல்ல வேண்டும்.

கண்ணுக்கே தெரியாத உயிர், தனக்கென்று ஓடு கட்டுகிறது. தாயே, உன் படைப்பு! போர்வெல் தண்ணீர் காய்ச்சும் பானையில் படியும் சுண்ணாம்பைத் தேய்க்கவே எனக்குக் கை ஓய்கிறது.

13, புதன். வெயில். துவரம்பருப்பு வாங்க மறந்தாயிற்று. நேற்றைய பஸ் செலவு, ஆஸ்பத்திரி டோக்கன் கணக்கு நோட்டின் பின்பக்கம்.

மயிலாடும்பாறையிலிருந்து செல்வி போன். "அக்கா, கிருமிதான்னா மாத்திரை போதும்ல? எதுக்கு வயித்தக் கிழிக்கணும்? ஆத்தாகிட்டப் பூக் கேட்டுருவோம்."

கத்தி என்றாலே அவளுக்கு நடுக்கம். சரி என்றேன்.

14, வியாழன். அம்மன் கோயில். இரண்டு இலைப் பொட்டலம். வெள்ளைப் பூ மாத்திரைக்கு, சிவப்பு ஆபரேஷனுக்கு. கும்பிட வந்த பெண் ஒருத்தி ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

வெள்ளை.

செல்விக்கு முகமெல்லாம் சிரிப்பு. அவள் வீட்டுக்காரர் மட்டும் என் காதோடு, "மதினி, டாக்டரம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுருங்க."

ஆத்தா வாக்கை இன்னொருவரிடம் கேட்பதா? ஆனாலும் பூவை முந்தானையில் முடிந்துகொண்டு தேனிக்குப் பஸ் ஏறினேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். வேதக்காரக் குடும்பம், கழுத்தில் சிலுவை. பூவை இரண்டு கையாலும் வாங்கி மேசையில் வைத்தார்.

"உங்க சாமியக் குத்தம் சொல்லாதீக. கேட்டது நீங்க. இந்தக் கட்டியக் கரைக்கக் கிருமி மாத்திரைன்னு ஒண்ணு கிடையாது. இல்லாததை எதுக்குப் பொட்டலத்துல கட்டுனீக?"

கடையில் இல்லாத சாமானைச் சீட்டில் எழுதியவள் நான்தான். என்ன பொறுமை அந்த அம்மாவுக்கு! நல்லா இருக்கட்டும்.

15, வெள்ளி. மேகமூட்டம். காலையில் விளக்கேற்றிவிட்டுச் செல்விக்குப் போன். எல்லாம் சொன்னேன்.

"அப்ப ஆத்தா பொய் சொல்லிருச்சா?"

"ஆத்தா சொல்லலடி. நாமதான் தப்பாக் கேட்டோம்."

பிறகு அவளே, "கிழிக்கையில நீ பக்கத்துல இருப்பியா?"

"உள்ள விடமாட்டாகடி. வாசல்லயே கிடப்பேன்."

"கிடப்ப, கிடப்ப. காபி குடிக்கப் போயிருவ." சிரித்த மாதிரியும் இருந்தது, அழுத மாதிரியும் இருந்தது. வைத்துவிட்டாள்.

மணி மூன்று. செல்வி இன்னும் முடிவு சொல்லவில்லை. போனில் எழுதி அனுப்பியது: செல்வி, ஆபரேஷனுக்குச் சம்மதமா இல்லையா? டாக்டரம்மா கிளம்புறதுக்குள்ள சொல்லணும். சீக்கிரம் பதில் போடு.