எட்டின் நடுக்கோடு

அன்புள்ள அப்பாவுக்கு,

பிழை பட்டரியில் இல்லை. பட்டரியை மாற்றிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். போனில் சொல்லத் தொடங்கியதும் "பட்டரிய மாத்திப் பாரு" என்று வைத்துவிட்டீர்கள். அதனால் கடிதம்.

அம்மா நலம். முழங்கால் வலி மழைக்கு மட்டும். வவுனியா வெயில் அத்தைக்கும் உங்களுக்கும் ஒத்துக்கொள்கிறதா? இங்கே ஒரு வாரமாக மூட்டம்.

தோட்ட ஆபிஸ் அலுமாரியைத் துப்புரவு செய்தபோது உங்கள் பழைய கல்குலேட்டரை ஒரு கவரில் போட்டுக் கொடுத்தனுப்பினார்கள். முறைப்பாடு வந்த அன்று உங்களிடம் வாங்கி வைத்தது. தோல் உறை இன்னும் இருக்கிறது. ஓரம் மட்டும் பூஞ்சணம்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளின் புள்ளிகளைக் கூட்ட அதை எடுத்தேன். விடியற்காலை, ஜன்னல் ஓரம். பதினொன்றும் ஏழும் பத்து என்றது. மறுபடி அடித்தேன். பத்து. அம்மாவிடம் காட்ட அடுப்படிக்குக் கொண்டுபோனேன். அங்கே பதினெட்டு. உனக்கு இன்னும் தூக்கம் கலையவில்லை என்றார் அம்மா.

பிறகு அதோடுதான் இருந்தேன். குளிர்ந்தால் கடைசி இலக்கத்தில் நடுக்கோடு தெரிவதில்லை. மூன்றும் ஐந்தும் மூளியாகத் தெரிகின்றன, கண்டுபிடித்துவிடலாம். பட்டரி என்றுதான் நினைக்கத் தோன்றும். எட்டு மட்டும் அப்படியே பூச்சியமாகிவிடுகிறது. உள்ளங்கையில் பொத்தி வைத்தால் கோடு மெல்ல வருகிறது. வெளியே தண்ணீர் கொட்டும் பீலியடிக்குக் கொண்டுபோனால் போய்விடுகிறது.

மடுவத்துக் கொட்டகையில் தேயிலைக் கொழுந்து நிறுக்கும்போது அதைக் கோட்டுப் பையிலிருந்துதான் எடுப்பீர்கள். அப்போது சூடு. வரிசையில் முன்னால் நிற்பவர்களுக்குச் சரியாகக் காட்டியிருக்கும். போகப் போக ஆறியிருக்கும். கடைசியில் நிற்பவர்களுக்கு, கூட்டுத்தொகை எட்டில் முடிந்தால், அந்த எட்டுக் கிலோ இல்லை. பதினெட்டு எடுத்தவருக்குப் பத்து. முழு நாள் சம்பளத்துக்கு முழுப்பேர் போட வேண்டிய இடத்தில், பாதிச் சம்பளத்துக்கு அரைப்பேர். லொறி ஹோன் அடித்துக்கொண்டிருக்கும். இந்தக் கல்குலேட்டர் பெட்டி சொன்னதை எழுதினீர்கள்.

வேலாயி அக்கா உச்சி மலையில் எடுப்பவர். எப்போதும் கடைசி. முன்னால் நிற்பவர்களுக்குப் போட்டுவிட்டுத் தன்னிடம் கணக்கப்பிள்ளை கிலோ திருடுகிறார் என்று அவர் கத்தியது இதனால்தான். ஆபிசில் சோதித்தபோது பெட்டி சரியாகக் காட்டியதும் இதனால்தான். அங்கே ஹீட்டர். பெட்டி சரி என்றால் ஆள் பிழை. அப்படி முடிவாகியது. நீங்களும் வவுனியாவுக்கு, அத்தை வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டீர்கள்.

அம்மாவிடம் விளக்கினேன். அவர் எடுக்கவில்லை என்று எனக்கு எப்பவும் தெரியும் என்றார். என்னைப் பார்க்காமல் சொன்னார்.

நேற்று மாலை அதை மடுவத்துக்குக் கொண்டுபோனேன். கூட்டிக் காட்டினேன். மேசையில் ஆறவிட்டேன். மறுபடி காட்டினேன். பெண்கள் கூடைகளோடு சுற்றி நின்றார்கள். "அப்ப திருடுனது இந்தப் பொட்டியா" என்றார் ஒருவர். "வாத்தியாரம்மா, இதையும் காலையில ஆள் கூடுற பெரட்டுல நிக்க வச்சு வேல நிப்பாட்டுங்க" என்றார் லெட்சுமி அக்கா. சிரித்தார்கள். வேலாயி அக்கா சிரிக்கவில்லை. பெட்டியை வாங்கித் தன் கையில் பொத்தினார். எட்டு வந்ததும் திருப்பித் தந்துவிட்டுப் போய்விட்டார்.

இன்று காலை வீட்டுக்கு வந்தார். கையில் தேங்காய். "முனியாண்டி கோயில்ல ஒங்கப்பா பேரச் சொல்லித்தான் தேங்கா ஒடச்சேன் பிள்ள. நாசமாப் போகணும்னு. அந்தச் சாபத்தத் திரும்ப வாங்கணும்னா ஆளு முன்னுக்கு நிக்கணும். ஆளில்லாம ஒடச்சா, யாருக்குடின்னு சாமி கேக்கும்." அம்மா தேத்தண்ணி கொடுத்தார். தேங்காயைத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்து குடித்தார். இருவரும் மழையைப் பற்றிப் பேசினார்கள்.

ஆபிசுக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதில் வரவில்லை. வராமலும் போகலாம்.

கல்குலேட்டரை அனுப்பச் சொல்வீர்கள், பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்பீர்கள். அனுப்ப மாட்டேன். வவுனியாவில் அது சரியாகவே காட்டும். இங்கே, மடுவத்தில் நின்றுதான் பார்க்க வேண்டும். உங்கள் கம்பளிக் கோட்டை அடுப்படியில் காயப் போட்டு வைத்திருக்கிறார் அம்மா. தேங்காய் முளைவிடுவதற்குள் வந்துவிடுங்கள் அப்பா.

உங்கள் மகள்,
சுதர்ஷினி

கடிதத்தை ஒட்டுவதற்கு முன், தேங்காயைத் தரையிலிருந்து எடுத்து, எலி எட்டாத மேல் தட்டில் வைத்தேன்.